ஆறா, எட்டா?

என் அப்பா முட்டை லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் சாயங்காலம் லோடு ஏற்றினால் மறுநாள் காலைக்குள் திருச்சூரில் இறக்க வேண்டும். தூரம் பெரிதில்லை. நடுவில் வாளையார் செக்போஸ்ட் இருந்தது, அதுதான் விஷயம். சில நாள் அரை மணியில் விட்டுவிடுவார்கள். சில நாள் விடிந்துவிடும். வெயில் ஏற ஏற முட்டை கெடும், வியாபாரி விலையைக் குறைப்பார், முதலாளி அப்பாவின் பேட்டாவில் கை வைப்பார். "நான் ஓட்டுனதவிட நின்னதுதான் கண்ணு ஜாஸ்தி" என்பார் அப்பா. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. லாரி என்றால் ஓடுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010-ல் பி.காம் பட்டத்தையும் நான்கு வருட அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு கென்யாவின் மொம்பாசாவுக்குக் கணக்கு எழுதப் போனேன். ஐம்பது அறுபது ட்ரெய்லர்கள் வைத்திருந்த ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி. நாமக்கல்காரன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுத்திருப்பார்கள் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். முதலாளிக்கு நாமக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

போன புதிதில் டிரிப் ஷீட்டுகளைப் பார்த்துக் குழம்பினேன். மொம்பாசாவிலிருந்து உகாண்டாவின் கம்பாலா சுமார் 1,170 கிலோமீட்டர். நம்மூர் வண்டிகளுக்கு அது ஒரு தூரமே இல்லை, நாமக்கல்லில் இருந்து டெல்லி போகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் லாரி மாதத்தில் இரண்டு தடவை கம்பாலா போய்வந்தால் அது நல்ல மாதம். டீசல் கணக்கு சரியாக இருக்கிறது, ஓடிய கிலோமீட்டர் சரியாக இருக்கிறது, நாட்கள் மட்டும் எங்கேயோ காணாமல் போகின்றன. டிரைவர்கள் வழியில் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒரு லாரிக்காரர் மகனே சந்தேகப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பாதைக்கு நார்தர்ன் காரிடார் என்று பெயர். தமிழில் வடக்குப் பெருவழி என்று வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் பக்கம் சோழர் காலத்து ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன வணிகப் பாதை, அந்தப் பெருவழிதான் எனக்கு ஞாபகம் வரும். இந்த ஆப்பிரிக்கப் பெருவழி மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கி நைரோபி, கம்பாலா, ருவாண்டாவின் கிகாலி வழியாக புருண்டி வரை போகிறது. கிளைகள் கிழக்கு காங்கோவுக்கும் தெற்கு சூடானுக்கும் பிரிகின்றன. உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும் கடல் கிடையாது. கம்பாலாவில் ஒருவர் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டினாலும், வண்டிக்குப் பெட்ரோல் போட்டாலும், அது பெரும்பாலும் அடுத்தவர் நாட்டுக்குள் ஆயிரம் கிலோமீட்டர் வந்த சரக்கு.

இந்த வழியின் எலும்பு பழைய ரயில் பாதை. 1896-ல் ஆங்கிலேயர்கள் மொம்பாசாவில் தொடங்கி 1901-ல் விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு வரை போட்டார்கள். அதற்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். சாவோ ஆற்றங்கரையில் சிங்கங்கள் தூக்கிப்போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சிங்கத்தைவிடக் காய்ச்சலும் விபத்தும்தான் அதிகம் பேரைக் கொன்றன, அது யாருக்கும் சுவாரசியமாக இல்லை போலிருக்கிறது.

நான் போவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததை ஆபீஸில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 2007 டிசம்பர் கென்யத் தேர்தலுக்குப் பிறகு கலவரம் வெடித்தது. சாலைகளை மறித்தார்கள், நைரோபியின் கிபேரா பகுதியில் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டார்கள். சில நாட்களில் உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் பெட்ரோல் தீர்ந்துபோனது. கலவரம் ஒரு நாட்டில், பங்கில் வரிசை இன்னொரு நாட்டில். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து வரும் இன்னொரு வழி மேல் இந்த நாடுகளுக்கு அக்கறை கூடியதற்கு அந்தச் சில வாரங்களும் காரணம்.

சரி, நாட்கள் எங்கே போகின்றன? 2012-ல் ஒரு தடவை நானே லாரியில் ஏறிப் போனேன். முதலாளி அனுப்பவில்லை, நான்தான் கேட்டேன்.

டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரை எல்லோரும் ம்ஸே என்பார்கள். சுவாஹிலியில் மூத்தவர்களை மரியாதையாக அழைக்கும் சொல், நம்ம 'பெரியவரே' மாதிரி. அவர் என்னை முஹிந்தி என்பார். இந்தியாக்காரன் என்று பொருள், அவ்வளவுதான், அதில் மரியாதை ஒன்றும் இல்லை. கூட ஒரு கிளீனர் பையன், அங்கே டர்ன்பாய் என்பார்கள். லோடு தரை டைல்ஸ், ஒரே ஒரு இருபதடி கண்டெய்னர், ஆனால் நல்ல கனம்.

மொம்பாசாவை விட்டு வெளியே வந்ததும் மரியகானியில் முதல் எடைமேடை. அச்சு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டார்கள். எங்களிடம் சீட்டு இருந்தது, எடை சரியாக இருந்தது. ஆனாலும் ம்ஸே தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அவருடைய பயம் மொத்த எடை பற்றியது இல்லை. ஏற்றத்தில் சரக்கு பின்பக்கம் நகர்ந்தால் பின் அச்சில் பாரம் கூடும், மொத்த எடை சரியாக இருந்தும் அந்த அச்சுக்கு அபராதம் விழும். இன்று காலை சரியாக இருந்த லாரி நாளைக்குக் குற்றவாளி ஆகலாம். நைரோபிக்கு முன்னால் ஒரு மேடை, கில்கில்லில் ஒன்று, வெபுயேயில் ஒன்று. ஒரே சரக்கு, ஒரே லாரி, ஒரே நாட்டுக்குள் நான்கு தடவை தராசில் ஏறியது.

நைரோபி எல்லையில் இருக்கும் அந்த எடைமேடையைச் சுற்றி ஒரு ஊரே வளர்ந்திருக்கிறது. லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, பஞ்சர் கடை, பார். ஊருக்குப் பெயர் ம்லொலொங்கோ. அப்படியென்றால் என்ன என்று ம்ஸேயிடம் கேட்டேன். கையை நீட்டி முன்னால் நின்ற லாரிகளைக் காட்டினார். வரிசை என்று பொருளாம்.

அதற்கு முன்னால் மகிண்டுவில் ஒரு குருத்வாராவில் சாப்பிட்டோம். ரயில் பாதை போட வந்த சீக்கியர்கள் தொடங்கியது, இப்போதிருக்கும் கோயில் 1926-ல் கட்டியது. வழியில் போகிற யாராக இருந்தாலும் பருப்பும் சப்பாத்தியும் உண்டு, காசு கேட்பதில்லை. ம்ஸே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பழக்கப்பட்டவர் போலப் பந்தியில் உட்கார்ந்தார். இருபது வருடமாக இங்கே நிறுத்துவாராம். "இந்த வழியில் யாரும் காகிதம் கேட்காத ஒரே இடம்" என்றார்.

நகுருவுக்கு அப்புறம் மலை ஏற்றம். திம்போரோவா பக்கம் இரவில் பல் கிட்டிப்போகும் குளிர், நிலநடுக்கோட்டில் இருக்கிறோம் என்று சொன்னால் நம்ப முடியாது. எல்டோரெட், புங்கோமா தாண்டி நான்காம் நாள் மதியம் மலாபா. அங்கே ஒரு சிறிய ஆறு ஓடுகிறது. இந்தப் பக்கம் கென்யா, அந்தப் பக்கம் உகாண்டா. ஆறு தெரியவேயில்லை, லாரிகளின் பின்பக்கம்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் அந்தக் காலத்து நடைமுறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் மாறியது என்னவென்று விளங்காது.

உகாண்டாவுக்குப் போகும் சரக்குக்குக் கென்யா வரி வாங்காது, அது கடந்து போகிற சரக்கு. ஆனால் கென்யாவுக்கு ஒரு பயம். உகாண்டாவுக்கு என்று சொல்லி வரி கட்டாமல் வெளியே எடுத்த டைல்ஸை வழியில் நைரோபியிலேயே இறக்கிவிட்டால்? அப்படி நடக்காமலும் இல்லை. வெளியிலிருந்து வரும் முழுமையடைந்த பொருட்களுக்கு அப்போது 25 சதவீதம் சுங்கவரி, அதன் மேல் மதிப்புக்கூட்டு வரி. ஒரு கண்டெய்னரை மறைத்தால் நல்ல லாபம். அதனால் எவ்வளவு வரி வருமோ அவ்வளவு தொகைக்கு ஏஜெண்ட் ஒரு பாண்ட் எழுதித் தர வேண்டும், காப்பீட்டுக் கம்பெனியோ வங்கியோ அதற்குப் பொறுப்பு. லாரி கென்யாவைவிட்டு வெளியேறியது என்று எல்லையில் பதிவானால்தான் அந்தப் பாண்ட் விடுபடும். அதுவரை அந்த அளவுக்குப் புதுச் சரக்கு எடுக்க முடியாது. நான் கணக்கில் பார்த்த "காணாமல் போன நாட்கள்" லாரிக்கு மட்டும் இல்லை, பணத்துக்கும்தான்.

ஆற்றைத் தாண்டியதும் உகாண்டாவில் எல்லாமே முதலிலிருந்து. கென்யாவின் சுங்கக் கணினி முறைக்குச் சிம்பா என்று பெயர். உகாண்டா வைத்திருந்தது அசிகுடா. இரண்டும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பேசாது. அங்கே தட்டிய அதே விவரங்களை இங்கே இன்னொருவர் உட்கார்ந்து மறுபடியும் தட்டுவார். புது அறிக்கை, புதுப் பாண்ட் அல்லது வரி, புதுச் சோதனை. கென்யா அதிகாரி பார்த்து முத்திரை போட்டது உகாண்டா அதிகாரிக்குப் போதாது. நடுவில் இருந்த நல்ல ஏற்பாடு ஒன்றே ஒன்று. லாரியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மஞ்சள் அட்டை என்று ஒன்று உண்டு, கோமெசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச்சந்தையில் அதை ஒத்துக்கொண்ட நாடுகளுக்குள் எங்கே போனாலும் அதே அட்டை செல்லும். எண்பதுகளிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். விபத்து நடந்தால் யார் பணம் கொடுப்பது என்பதில் ஒத்துப்போனவர்களுக்கு, கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்பதில் ஒத்துப்போக இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

எங்கள் லாரி வரிசையில் ஒரு ராத்திரி நின்றது. மறுநாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், கவுண்டரில் காகிதத்தைக் கொடுத்தோம். அதிகாரி வெளியே வந்து கண்டெய்னர் கதவின் சீலைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி சீலைப் பார்த்தார். சீலில் 6. காகிதத்தில் 8.

அந்தக் காகிதத்தைத் தயாரித்தது யார் என்று ம்ஸே கேட்டார். நான்தான். எங்கள் ஆபீஸில் அந்த வாரம் ஒருவர் விடுப்பு, நான் உதவிக்குத் தட்டிக் கொடுத்தேன். கண்டெய்னர் எண்ணில் தப்பு நடந்தால் பிடிபட்டுவிடும், அதன் கடைசி இலக்கம் மற்ற எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, ஒன்று மாறினாலும் பெரும்பாலும் உதைக்கும். சீல் எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சீல் மாறியிருக்கிறது என்றால் வழியில் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அதிகாரி செய்ததில் துளியும் தப்பில்லை. திருத்தம் மொம்பாசாவில் பதிவு செய்த இடத்திலிருந்து வர வேண்டும், அல்லது சரக்கை இறக்கி எண்ண வேண்டும். மணி நாலரை. மொம்பாசாவில் போனை யாரும் எடுக்கவில்லை.

ஆக, மலாபாவில் என்னால் மேலும் இரண்டு ராத்திரி. சனிக்கிழமை முழுக்க டைல்ஸ் பெட்டிகளை இறக்கி, எண்ணி, ஏற்றினோம். கூலி என் சம்பளத்தில் போனது, அது வேறு கதை. ம்ஸே என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டிகளை மறுபடி அடுக்கும்போது மட்டும், அச்சுப் பாரம் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வரிசையையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த இரண்டு நாளில்தான் எல்லையில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். லாரிகள் நிற்கின்றன. ஆட்கள் நிற்பதில்லை. தலையில் வாழைத்தார், முட்டை அட்டை, தோளில் பழைய துணி மூட்டை, சைக்கிளில் சர்க்கரை. இரண்டு சாவடிகளுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம் உண்டு, அதைக் கடக்க அறுபதுகளிலேயே சைக்கிள்காரர்கள் ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு "பார்டர், பார்டர்" என்று கூவுவார்களாம். இன்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு போடா போடா என்று பெயர், அந்தச் சொல் பிறந்தது மலாபா, புசியா பக்கத்து எல்லையில்தான். சக்கரத்தில் இருந்த பெரிய சரக்குக்குத்தான் சட்டம் எல்லாம். சைக்கிளுக்கு அந்தக் காலத்திலேயே காரிடார் திறந்திருந்தது.

லாரி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்திய அம்மாவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. அவர் கடையில் டிரைவர்களுக்குக் கணக்கு நோட்டு உண்டு. இன்னார் போன வாரம் மூன்று நாள், இந்த வாரம் இரண்டு நாள் என்று வரிசையாக எழுதியிருந்தார். எங்கள் டிரிப் ஷீட்டில் இல்லாத நாட்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன.

அங்கிருந்து அப்பாவுக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். "எத்தன நாளா நிக்கிறீங்க?" என்றார். மூன்று என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "டிரைவர் சாப்பிட்டாராப்பா?" என்று கேட்டார்.

மாற்றம் 2014-ல் தொடங்கியது. ஒற்றைச் சுங்கப் பகுதி என்று ஒரு ஏற்பாடு. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சரக்கு மொம்பாசாவைவிட்டுக் கிளம்பும் முன்பே உகாண்டாவில் அறிக்கை போட்டு, வரியை உகாண்டாவுக்கே கட்டிவிட வேண்டும். உகாண்டாவின் சுங்க அதிகாரிகள் மொம்பாசாவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். எல்லை மலாபாவில் இருந்து நகர்ந்து துறைமுகத்துக்கே வந்த மாதிரி. வழியில் சரக்கை இறக்கி விற்றால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியின் கூர் மழுங்கிவிட்டது, வரிதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. 2017-ல் மூன்று நாட்டுக்கும் பொதுவாக மின்னணு சீல் வந்தது. லாரி எங்கே நிற்கிறது, கதவு திறந்ததா என்று மூன்று தலைநகரங்களிலும் ஒரே திரையில் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் இதைவிடக் கடினமான வேலை ஒரே நிறுத்தச் சாவடிதான். ஆப்பிரிக்காவில் முதலாவது 2009 டிசம்பரில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் சிருண்டுவில் திறந்தார்கள். கேட்க எளிது. கென்யாவைவிட்டுப் போகிற லாரி கென்யப் பக்கம் நிற்காது, நேராக உகாண்டாப் பக்கம் போய்விடும், அங்கே ஒரே கட்டடத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்த மேஜையில் இருப்பார்கள். எதிர்த்திசையில் வருகிற லாரிக்கு இதன் மறுதலை. கட்டடம் கட்டக் காசு கிடைத்துவிடும், வெளிநாட்டு நன்கொடையும் கடனும் அதற்கு வரிசையில் நிற்கும். ஆனால் கென்ய அதிகாரி உகாண்டா மண்ணில் உட்கார்ந்து கென்யச் சட்டப்படி ஒரு பெட்டியைப் பறிமுதல் செய்ய முடியுமா? அவரை ஒருவன் அடித்துவிட்டால் வழக்கு எந்த நாட்டில்? இதற்கெல்லாம் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது, 2016-ல். சாலைக்குத் தார் ஊற்றுவது போல ஒரே வருடத்தில் முடிகிற வேலையா அது?

2019-ல் மறுபடி அதே ம்ஸேயோடு போனேன். அவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கிளம்பும் முன் கதவுப் பக்கம் கூட்டிப்போய் சீலைக் காட்டி, "முஹிந்தி, சத்தமாகப் படி" என்றார். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

மலாபாவில் மூன்றரை மணி நேரம். எல்லா நாளும் இப்படி இல்லை, சர்வர் படுத்தால் பழையபடி வரிசைதான் என்றார்கள். இருந்தாலும் மூன்று ராத்திரிக்கு மூன்றரை மணி. ஜின்ஜாவில் நைல் நதியைப் போன தடவை 1954-ல் கட்டிய அணையின் மேலேயே ஊர்ந்து கடந்தோம். இப்போது பக்கத்தில் 525 மீட்டர் நீளத்துக்குக் கம்பிவடங்கள் தாங்கும் புதுப் பாலம், திறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கம்பாலாவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலி. இது மட்டும் மாறவில்லை. உள்ளே போகிற சரக்கு மலை போல, வெளியே வருவது காப்பி, தேயிலை, கொஞ்சம் தோல். ரிட்டர்ன் லோடு இல்லாத லாரி இரண்டு பக்கத்து வாடகையையும் ஒரு பக்கத்திலேயே வாங்கித்தான் ஆக வேண்டும். சுங்கத்தை எவ்வளவு வேகமாக்கினாலும் அந்தச் செலவு குறையாது. இதைக் கணக்காளர்கள் கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், அறிக்கைகளில் அவ்வளவாக வராது.

வரும் வழியில் மாமாவின் கடைக்குப் போனோம். பாதி மேஜைகள் இல்லை. "நீங்கள் எல்லாரும் நிற்காமல் போனால் நான் யாருக்குச் சமைப்பது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு நோட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார். ம்ஸே இரண்டு தட்டு சாப்பிட்டார். பசியில்லை என்று எனக்குத் தெரியும்.

அதே கவலை இன்னும் பெரிதாக ரயிலால் வந்தது. சீனக் கடனில் கென்யா போட்ட புது ரயில் பாதை 2017-ல் மொம்பாசா, நைரோபி இடையே ஓட ஆரம்பித்தது. 2019-ல் இன்னும் 120 கிலோமீட்டர் நீட்டி நைவாஷா பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லை அங்கிருந்து இன்னும் பல நூறு கிலோமீட்டர். பெருவழி என்று சொல்லிவிட்டுப் புல்வெளியில் முடிகிற ரயிலை நான் அங்கேதான் பார்த்தேன். அந்த ரயிலுக்குச் சரக்கு வேண்டுமே, அதனால் இறக்குமதிக் கண்டெய்னர் எல்லாம் ரயிலில்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மொம்பாசாவில் லாரிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் கம்பெனியில் பதினைந்து வண்டிகள் நிறுத்தப்பட்டன. உத்தரவைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், 2022-ல் புது அதிபர் வந்ததும் சரக்கு விடுவிப்பை மறுபடி மொம்பாசாவுக்கே கொண்டுவந்தார். உகாண்டா தன் பங்குக்கு மலாபாவிலிருந்து கம்பாலாவுக்கு 272 கிலோமீட்டர் ரயில் போட 2024-ல்தான் ஒரு துருக்கி நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற இடைவெளியைக் கென்யா நிரப்பினால்தான் இரண்டும் சேரும்.

ருவாண்டாவுக்குப் போகும் கதுனா எல்லை இதைவிட விநோதம். ருவாண்டாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், உகாண்டாவில் நம்மைப் போல இடப்பக்கம், எல்லையில் பக்கம் மாற வேண்டும். அதெல்லாம் டிரைவர்களுக்குச் சாதாரணம். 2019 பிப்ரவரியில் ருவாண்டா அந்த எல்லையில் லாரிகளை நிறுத்தி வேறு பக்கம் சுற்றிப் போகச் சொன்னது. சொன்ன காரணம், அங்கே ஒரே நிறுத்தச் சாவடி கட்டுகிறோம் என்பது. உண்மையில் இரண்டு நாட்டு அதிபர்களுக்கும் நடுவில் ஒற்றர் குற்றச்சாட்டுகள் பறந்துகொண்டிருந்த சமயம் அது. எல்லை மறுபடி திறந்தது 2022 ஜனவரி 31 அன்று. எல்லையைச் சீக்கிரம் கடப்பதற்கான கட்டடத்தின் பெயரில் மூன்று வருடம் எல்லை மூடிக் கிடந்தது.

அப்புறம் கொரோனா. 2020 ஏப்ரல் கடைசியில் எல்லையில் ஒவ்வொரு டிரைவருக்கும் பரிசோதனை, முடிவு வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று ஆனது. சோதனைச் சாலை ஒன்று, லாரிகள் ஆயிரக்கணக்கில். மலாபாவிலிருந்து கென்யாவுக்குள் வரிசை பல பத்து கிலோமீட்டர் நீண்டது. கென்யாவில் சோதித்ததை உகாண்டா ஏற்காது, உகாண்டாவில் சோதித்ததைக் கென்யா ஏற்காது. சீலிலும் பாண்டிலும் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்த அதே வியாதி, இந்தத் தடவை சரக்குக்கு இல்லை, ஆளுக்கு. தினமும் மாலை உகாண்டாவில் அன்றைய எண்ணிக்கையில் லாரி டிரைவர்கள் எத்தனை பேர் என்று தனியாக அறிவித்தார்கள். வழியில் ஊர்க்காரர்கள் லாரியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பொதுவான சான்றிதழ் ஒன்றை ஒத்துக்கொண்டு போனிலேயே காட்டுகிற முறை வருவதற்குள் பாடுபட்டுவிட்டார்கள்.

ம்ஸே ஆறு நாள் நின்றார். நான் மொம்பாசாவில் வீட்டில் உட்கார்ந்து போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடை மூடியிருக்கிறது, ஆனால் மாமா சாயங்காலம் ஒரு வாளியில் உகாலிக் களியும் கீரையும் கொண்டுவந்து வரிசை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார், தெரிந்த டிரைவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றார். காசு? தரையில் கல்லை வைத்து அதன் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறாராம். நோட்டில் எழுதிக்கொள்கிறாரா என்று கேட்டேன். "எழுதுகிறாள், எழுதுகிறாள்" என்று சிரித்தார்.

2021 கடைசியில் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதற்கு முன்பே, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரில் வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்துவிட்டார்கள். அப்பா அதற்குள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். போன வருடம் காரில் பாலக்காடு போனோம். அந்த இடத்தைக் கடக்கும்போது "மெதுவாப் போ கண்ணு" என்றார். நான் ஏதோ தடை இருக்கிறது என்று பிரேக் போட்டேன். ஒன்றுமில்லை. ஒரு புளியமரத்தைக் காட்டி, அதன் கீழேதான் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவோம் என்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, கிளம்பிவிட்டோம்.

ம்ஸேயும் ஓய்வு பெற்றிருப்பார் என்று நினைத்தேன். இல்லையாம், மகன் ஓட்டுகிறான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கண்டெய்னர் கதவு, கிட்டத்தில் எடுத்த சீல், துரு, கொஞ்சம் சேறு. நான் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கீழே ஒரே வரி எழுதியிருப்பார்.

"முஹிந்தி, இது ஆறா, எட்டா?"